புதுப்பிப்பு: ஓபி (வெளிநோயாளி) எண் இருந்தும் தேடலில் வராத சிக்கல் தீர்ந்தது (போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ், ஓஎஸ் மாற்றத்துக்குப் பின்)

உதவிய எல்லாருக்கும் நன்றி. எங்கள் மருத்துவமனையின் பாலக்காடு, கொழிஞ்சாம்பாறை கிளைகளின் சர்வரை ரெட்ஹேட் லினக்ஸ் 7-லிருந்து 8-க்கு மாற்றியதும், பழைய நோயாளிகளை ஓபி எண்ணில் தேடினால் 'இல்லை' என்று வந்ததைக் கேட்டிருந்தேன்.

கொலேஷனை (எழுத்துகளை வரிசைப்படுத்தும் விதி) பார்க்கச் சொன்ன சார் சொன்னதுதான் சரி. ஜிலிப்சி (glibc, லினக்ஸின் அடிப்படை நூலகம்) 2.28-இல் எழுத்து வரிசை மாறியது. எங்கள் ஓபி எண்ணில் நடுவே கோடு உண்டு. பழையதில் '11' முன்னால், புதியதில் '1-1' முன்னால். டேட்டா பத்திரம், இண்டெக்ஸ்தான் (தேடலுக்கான அட்டவணை) பழைய வரிசையில் நின்றது. ஆம்செக் (amcheck, இண்டெக்ஸைச் சோதிக்கும் கருவி) ஓட்டியதும் பிடிபட்டது.

எதிர்பாராதது: ரீஇண்டெக்ஸ் கன்கரண்ட்லி (வேலையை நிறுத்தாமல் இண்டெக்ஸைப் புதிதாகக் கட்டும் கட்டளை) பாதியில் நின்றது. ஒரே எண் இரண்டு முறை ஏறாமல் தடுக்கும் யூனிக் இண்டெக்ஸ் ஏமாந்த நாட்களில் சில எண்கள் அப்படி ஏறியிருந்தன. இண்டெக்ஸ் ஸ்கேனை (இண்டெக்ஸ் வழியாகத் தேடுவதை) அணைத்துவிட்டு இரட்டைகளைத் தேடுங்கள், இல்லையேல் அந்தத் தேடலும் பொய் சொல்லும். அவற்றை மருத்துவப் பதிவேட்டுப் பிரிவு சரிபார்த்து இணைத்த பிறகு, நின்றுபோன கட்டளை அரைகுறையாக விட்டுப்போன 'சிசிநியூ' (_ccnew) இண்டெக்ஸை நீக்கி மறுபடி ஓட்டினேன், முடிந்தது. எண் வகை நெடுவரிசைகளின் (column) இண்டெக்ஸைத் தொடவே வேண்டாம், எழுத்து வரிசை அவற்றைப் பாதிக்காது.

ஓபி எண் நெடுவரிசையை, ஓஎஸ் மாறினாலும் வரிசை மாறாத 'சி' கொலேஷனுக்கு மாற்றிவிட்டேன்.