பித்தப்பையை எடுத்த பிறகு பயாப்ஸியில் புற்றுநோய்: கல்லீரலையும் வெட்ட வேண்டுமா?

தாராபுரத்தான்:
அம்மாவுக்கு 58 வயது. கல் என்று சொல்லி மூன்று வாரம் முன்பு லேப்ராஸ்கோபியில் பித்தப்பையை எடுத்தோம். மூன்றாம் நாளே வீட்டுக்கு வந்து ரசம் சாதம் சாப்பிட்டார். நேற்று பயாப்ஸி ரிப்போர்ட் வந்தது: அடினோகார்சினோமா என்ற புற்றுநோய், நிலை பிடி2. கல்லீரலில் ஒரு பகுதியை எடுக்க வேண்டும், பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்கிறார் சர்ஜன். பைதான் வெளியே வந்துவிட்டதே, கல்லீரலை ஏன் தொட வேண்டும்? அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

திண்டுக்கல் செல்வி:
தம்பி, என் அம்மாவுக்கும் 2021இல் இப்படித்தான் தெரிந்தது. நானும் இதையே கேட்டேன். டாக்டர் மருந்துச் சீட்டின் பின்பக்கம் படம் வரைந்து காட்டினார். பித்தப்பை கல்லீரலின் அடியில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஒட்டிய பக்கத்தில் அதற்கு மேலுறையே கிடையாது. கல்லுக்கான ஆபரேஷனில் பையை அங்கிருந்து உரித்துத்தான் எடுப்பார்கள். பிடி2 என்றால் கட்டி பையின் சுவரிலுள்ள தசையைத் தாண்டிவிட்டது, உரித்த இடத்தில் மிச்சம் தங்கியிருக்கலாம். அதனால்தான் அந்தப் படுகையோடு சேர்த்துக் கல்லீரலில் ஒரு துண்டை எடுக்கிறார்கள். பித்தக்குழாயை ஒட்டிய நிணநீர் முடிச்சுகளையும் எடுப்பார்கள். குறைந்தது ஆறையாவது லேபில் பார்த்தால்தான் நோய் எதுவரை போயிருக்கிறது என்று சொல்ல முடியுமாம்.

அம்மா ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். வலியைவிட, பந்து மேலே எழும்ப மூச்சை இழுக்கும் அந்தப் பயிற்சிக்குத்தான் அழுதார். விடாதீர்கள், சளி கட்டாமல் காப்பாற்றியது அதுதான். அப்புறம் ஆறு மாதம் கேப்சிடபைன் என்ற கீமோ மாத்திரை. அதன் பக்கவிளைவாக உள்ளங்கை தோல் உரிந்து, துணி பிழிய முடியாமல் போனது. இப்போது நன்றாக இருக்கிறார், ஸ்கேன் மட்டும் தவறாமல் எடுக்கிறோம்.

அம்மாவிடம் சொல்லிவிடுங்கள். நாங்கள் மறைத்தோம். மாத்திரை டப்பாவைப் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லித் தெரிந்துகொண்டார். அன்று அவர் என்னைப் பார்த்த பார்வையை என்னால் இன்னும் மறக்க முடியவில்லை.

லேப்காரர்:
பேத்தாலஜி லேபில் வேலை செய்கிறேன். ரிப்போர்ட் மட்டும் போதாது, ஸ்லைடுகளையும் திசுவைப் பதித்து வைத்திருக்கும் மெழுகு பிளாக்கையும் கேட்டு வாங்குங்கள், போகிற இடத்தில் மறுபடி பார்ப்பார்கள். பிடி1ஏ, அதாவது கட்டி தசைவரை போகவில்லை என்று வந்திருந்தால் பையை எடுத்ததே பெரும்பாலும் போதும், பிடி2வுக்குப் போதாது. பித்தப்பைக் குழாய் வெட்டிய முனையில் நோய் இருக்கிறதா என்று ரிப்போர்ட்டில் பாருங்கள். இருந்தால் பித்தக்குழாயிலும் கை வைக்க வேண்டி வரலாம். முதல் ஆபரேஷனில் பை கிழிந்து பித்தநீர் சிந்தியதா என்று சர்ஜனிடம் கேட்டு எழுதி வாங்குங்கள். நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் ஸ்கேன் எடுத்த பிறகுதான் முடிவு செய்வார்கள். பல இடங்களில் முதலில் கேமராவை உள்ளே விட்டுப் பார்ப்பார்கள். வயிற்றுக்குள் பரவியிருந்தால் கல்லீரலை வெட்டிப் பயனில்லை. முதல் ஆபரேஷனிலிருந்து நான்கு முதல் எட்டு வாரத்துக்குள் செய்வது நல்லது என்கிறார்கள். உங்களுக்கு இன்னும் நாள் இருக்கிறது, ஆனால் தள்ளிப்போடாதீர்கள்.

தாராபுரத்தான்:
பிளாக் வாங்கியாச்சு. குழாய் முனையில் நோய் இல்லை என்று எழுதியிருக்கிறது. பை கிழியவில்லை என்று சர்ஜனும் எழுதிக் கொடுத்துவிட்டார். வேலூருக்குச் செவ்வாய்க்கிழமை போகிறோம். செல்வி அக்கா, அம்மாவிடம் இன்று ராத்திரி சொல்லப் போகிறேன். தங்கையையும் வரச் சொல்லியிருக்கிறேன்.