உதவி: ஏர்லாக்கில் குமிழி நின்றுவிட்டது, இனிப்பு குறையவில்லை

புதுக்குடுவை:
வணக்கம். அவசரம். வீட்டில் ஒயின் போட்டிருக்கிறேன். முதலில் விடாமல் குமிழி வந்துகொண்டிருந்தது, இப்போது ஏர்லாக்கில் (வாயுவை வெளியே மட்டும் விடும் நீரடைப்பு) ஓர் அசைவும் இல்லை. இனிப்பு 8இல் நின்றுவிட்டது. நேற்றும் 8, இன்றும் 8. நொதித்தல் பாதியில் நின்றுபோனால் என்ன செய்வது? ஈஸ்ட் இன்னும் கொஞ்சம் போடலாமா? தெரிந்தவர்கள் உடனே சொல்லுங்கள், எல்லாம் வீணாகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

சக்கைப்பிழி:
என்ன பழம்? எத்தனை லிட்டர்? எந்த ஈஸ்ட்? சர்க்கரை சேர்த்தீர்களா, எவ்வளவு? அறையின் வெப்பநிலை என்ன? எதில் ஊற்றி வைத்திருக்கிறீர்கள்? இவற்றில் ஒன்றுகூடச் சொல்லாமல் கேட்டால் யாரால் பதில் சொல்ல முடியும்?

கதகதப்பு:
குளிர்தான் காரணம், சந்தேகமே வேண்டாம். 15 டிகிரிக்குக் கீழே போனால் பெரும்பாலான ஈஸ்ட் சோம்பிப்போகும். குடுவையைப் போர்வையால் சுற்றி, 22 டிகிரி இருக்கும் இடத்துக்கு மாற்றுங்கள். நாளைக்கே குமிழி வரும்.

ஊட்டம்:
குளிர் இல்லை, பட்டினி. பழச்சாற்றில் நைட்ரஜன் போதாவிட்டால் ஈஸ்ட் பாதியிலேயே களைத்துவிடும். அழுகிய முட்டை வாடை வருகிறதா என்று முகர்ந்து பாருங்கள். வந்தால் நான் சொல்வதுதான். டைஅம்மோனியம் பாஸ்பேட் என்ற நைட்ரஜன் உப்பை லிட்டருக்குக் கால் கிராம் போடுங்கள்.

மூத்த பீப்பாய்:
மாதம் தவறாமல் இந்தக் கேள்வி வந்துவிடுகிறது. ஏர்லாக் அளவுக் கருவி அல்ல, ஒரு வழிக் கதவு. மூடியின் ரப்பர் வளையம் சற்றே விலகியிருந்தாலும் வாயு அந்த வழியாகப் போய்விடும், ஏர்லாக் சும்மா நிற்கும். நொதித்தல் முடிந்த பிறகும் அறை சூடானால் கரைந்திருந்த கார்பன் டைஆக்சைடு வெளியேறிக் குமிழி விடும். அளக்க ஹைட்ரோமீட்டர் என்ற மிதவைக் கருவி இருக்கிறது. பிரெஞ்சு வேதியியலாளர் ஆந்துவான் போமே அதற்குத் தன் அளவுகோலை வகுத்தது 1768இல். அதற்குப் பிறகும் குமிழியை எண்ணிக்கொண்டிருப்பவர்களுக்கு நான் என்ன சொல்வது?

சக்கைப்பிழி:
ஐயா, அவர் புதியவர். கொஞ்சம் பொறுமையாகச் சொல்லலாமே.

மூத்த பீப்பாய்:
பொறுமையாகத்தான் சொன்னேன்.

குலுக்கி:
எளிய வழி ஒன்று இருக்கிறது. குடுவையை நன்றாகக் குலுக்குங்கள். அடியில் படிந்த ஈஸ்ட் மேலே வரும், காற்றும் கலக்கும், மறுபடி வேலை தொடங்கும். எனக்கு ஒவ்வொரு முறையும் கைகொடுத்திருக்கிறது.

சக்கைப்பிழி:
தயவுசெய்து குலுக்காதீர்கள். ஈஸ்ட் போடுகிற நாளில் காற்று வேண்டும், அது பெருகுவதற்கு உதவும். ஆல்கஹால் சேர்ந்த பிறகு காற்று புகுந்தால் ஒயின் நிறம் மங்கும், வெட்டி வைத்த ஆப்பிள் போலப் பழுப்பேறும், அசிட்டிக் பாக்டீரியா இருந்தால் வினிகராகவே மாறிவிடும். அடிவண்டலைக் கிளப்ப வேண்டும் என்றால் கிருமி நீக்கிய கரண்டிக் காம்பால் மெல்லக் கிளறினால் போதும்.

புதுக்குடுவை:
எல்லோருக்கும் நன்றி. கறுப்புத் திராட்சை, 10 லிட்டர். சக்கையைப் பிழிந்து எடுத்தாகிவிட்டது. பாக்கெட் ஈஸ்ட்தான், ஒயினுக்கானது. வெப்பநிலை அறையில் எவ்வளவோ அவ்வளவுதான். வெள்ளைப் பிளாஸ்டிக் வாளி, மூடியில் ஏர்லாக். குலுக்கிவிட்டேன். நிறைய நுரை வந்தது, கொஞ்சம் வழிந்தது. இப்போது மறுபடி அமைதி.

கண்ணாடிக்காரர்:
பிளாஸ்டிக் வாளியா? அங்கேதான் கோளாறு. பிளாஸ்டிக்கின் ஊடே ஆக்சிஜன் கசியும். உள்ளே ஒரு கீறல் விழுந்தால் அதில் கிருமி குடியேறும், எவ்வளவு கழுவினாலும் போகாது. ஒயின் என்றால் கண்ணாடிக் குடுவை. வேறு பேச்சே இல்லை.

வாளிக்கட்சி:
இருக்கிறது. முதல் கட்ட நொதித்தல் நடக்கும் சில நாள்களில் வாளிக்குள் கார்பன் டைஆக்சைடு நிரம்பியிருக்கும். அங்கே ஆக்சிஜன் கசிவைப் பற்றிக் கவலைப்படுவது வீண். சக்கையோடு நொதிக்கிற சிவப்பு ஒயினுக்கு அகன்ற வாய் வேண்டும், கால் பங்கு இடம் காலியாக இருக்க வேண்டும், நாளுக்கு இரண்டு முறை மேலெழும் தோலை அமுக்கிவிட வேண்டும். குறுகிய கழுத்துள்ள கண்ணாடிக் குடுவையில் இதை எப்படிச் செய்வீர்கள்? முக்கோணத்துக்குள் 2 என்று போட்ட, உணவுக்கு ஏற்ற வாளி போதும்.

கண்ணாடிக்காரர்:
முதல் கட்டத்துக்குச் சரி. மாதக்கணக்கில் வைக்கும்போது?

வாளிக்கட்சி:
அப்போது கண்ணாடி நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் 23 லிட்டர் கண்ணாடிக் குடுவை நிரம்பினால் ஏறக்குறைய 30 கிலோ. ஈரக் கையோடு கழுத்தைப் பிடித்துத் தூக்கினால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். வெந்நீர் ஊற்றிக் கழுவினால் விரிசல் விடும். பிளாஸ்டிக் வாளி யாருடைய காலையும் கிழித்ததில்லை.

கண்ணாடிக்காரர்:
குடுவைக்குச் சுமைப்பட்டை என்று ஒன்று இருக்கிறது. தெரியாதவர்கள் தூக்காமல் இருப்பது நல்லது. கழுவுவதற்கு ஒரு சொட்டு பிளீச் கலந்த குளிர்ந்த நீர் போதும்.

சக்கைப்பிழி:
பிளீச் மட்டும் வேண்டாம். குளோரின் மிச்சம் கார்க்கிலோ மரத்திலோ பட்டால், பூஞ்சை அதிலிருந்து டிரைகுளோரோஅனிசோல் உண்டாக்கும். நனைந்த அட்டைப்பெட்டி நாற்றம் என்று ஒயினில் சொல்வார்களே, அதுதான். ஒரு லிட்டரில் நானோகிராம் கணக்கில் இருந்தாலே மூக்குக்குத் தெரிந்துவிடும். சோடியம் பெர்கார்பனேட் என்ற கழுவும் தூள் கரைத்த நீரில் ஊறவைத்துக் கழுவி, பிறகு சல்ஃபைட் கரைசலால் அலசுங்கள்.

அளவுருளை:
வாளிச் சண்டையைச் சற்று நிறுத்துங்கள். யாருமே கேட்காத ஒன்றைக் கேட்கிறேன். புதுக்குடுவை, "இனிப்பு 8" என்றீர்கள். அந்த 8 என்ன? எதில் அளந்தீர்கள்? தொடக்கத்தில் எவ்வளவு இருந்தது? நாக்கில் வைத்துப் பார்த்தீர்களா?

புதுக்குடுவை:
ரிஃப்ராக்டோமீட்டர். ஒரு சொட்டு விட்டுக் கண்ணில் வைத்துப் பார்ப்பது. முதல் நாள் 22 பிரிக்ஸ் காட்டியது, அதாவது 100 கிராம் சாற்றில் 22 கிராம் சர்க்கரை. ருசி பார்க்கவில்லை, கெட்டிருந்தால் என்ன செய்வது என்று தொடவில்லை.

அளவுருளை:
அப்படியானால் உங்கள் ஒயின் நிற்கவில்லை, பெரும்பாலும் முடிந்துவிட்டது.

ரிஃப்ராக்டோமீட்டர் சர்க்கரையை அளப்பதில்லை. சொட்டுக்குள் புகும் ஒளி எவ்வளவு வளைகிறது என்பதைத்தான் அளக்கிறது. வெறும் பழச்சாற்றில் ஒளியை வளைப்பது பெரும்பாலும் சர்க்கரை. அதனால் முதல் நாள் காட்டிய 22ஐ நம்பலாம். ஆல்கஹால் சேர்ந்தவுடன் கணக்கு மாறிவிடும். தண்ணீரைவிட ஆல்கஹால் ஒளியைக் கூடுதலாக வளைக்கும். சர்க்கரை முழுவதும் தீர்ந்த பிறகும் கருவி எதையோ மிச்சம் காட்டிக்கொண்டே இருக்கும். 22இல் தொடங்கிய சாறு முற்றிலும் நொதித்து முடிந்தால் 7, 8 அருகில்தான் நிற்கும். ஆல்கஹாலுக்கான திருத்தச் சூத்திரத்தில் 22ஐயும் 8ஐயும் போட்டால் ஒப்படர்த்தி (தண்ணீரை 1 என்று வைத்துச் சொல்லும் அடர்த்தி) 0.995 அருகே வருகிறது. அது இனிப்பில்லாத ஒயின்.

ஹைட்ரோமீட்டர் மிதக்கும் கருவி, அடர்த்தியைக் காட்டும். ஆல்கஹால் தண்ணீரைவிட லேசானது என்பதால் முடிந்த ஒயினில் அது 1.000க்கும் கீழே இறங்கும். உங்களிடம் இருக்கிறதா?

கதகதப்பு:
இருந்தாலும் போர்வை சுற்றுவதில் நட்டமில்லை.

ஊட்டம்:
நானும் அதையே சொல்கிறேன், ஊட்டமும் கொஞ்சம்...

அளவுருளை:
நட்டம் இருக்கிறது. நொதித்தலின் கடைசிக் கட்டத்தில் ஆல்கஹால் ஏறியிருக்கும்போது ஈஸ்ட் அம்மோனியம் உப்பை உள்ளே இழுத்துக்கொள்ளாது. நீங்கள் போடும் உணவு கெடுக்கும் கிருமிகளுக்குப் போய்ச்சேரும். ஊட்டம் போடுவதென்றால் சர்க்கரையில் மூன்றில் ஒரு பங்கு தீர்வதற்குள் போட்டுவிட வேண்டும்.

மூத்த பீப்பாய்:
ஹைட்ரோமீட்டர் என்று நான் முன்பே சொன்னேன்.

சக்கைப்பிழி:
சொன்னீர்கள், 1768இலிருந்து. அவர் கையில் எந்தக் கருவி இருக்கிறது என்று கேட்கவில்லை.

புதுக்குடுவை:
ஹைட்ரோமீட்டர் இருக்கிறது, பெட்டியோடு வந்தது, பிரிக்கவில்லை. கண்ணாடி என்பதால் உடைந்துவிடுமோ என்று ரிஃப்ராக்டோமீட்டரையே பயன்படுத்தினேன். எப்படிப் பார்ப்பது?

அளவுருளை:
முதலில் 20 டிகிரியில் இருக்கும் சுத்தமான தண்ணீரில் விட்டுப் பாருங்கள். 1.000 காட்ட வேண்டும். சில கருவிகள் 15.5 டிகிரிக்கு அளவிடப்பட்டிருக்கும், உள்ளே இருக்கும் தாளில் அச்சிட்டிருப்பார்கள். 1.002 காட்டினால் எல்லா அளவிலும் அந்த 0.002ஐக் கழித்துக்கொள்ளுங்கள்.

பிறகு உயரமான உருளையில் ஒயினை ஊற்றி, அதில் கரைந்திருக்கும் வாயு போகும்வரை நன்றாகக் கலக்குங்கள். குலுக்கல் ஆசையெல்லாம் இந்த உருளையோடு இருக்கட்டும். வாயுக் குமிழிகள் தண்டில் ஒட்டினால் கருவியை மேலே தூக்கிவிடும், அளவு கூடுதலாகத் தெரியும். அதனால் கருவியை விடும்போது விரலால் ஒரு சுழற்று சுழற்றிவிடுங்கள். சுவரில் உரசாமல் நிற்க வேண்டும். கண்ணைத் திரவ மட்டத்துக்குக் கொண்டுவந்து பாருங்கள். ஓரங்களில் ஏறியிருக்கும் விளிம்பை விட்டுவிட்டு, நடுவில் உள்ள தட்டையான மட்டத்தில் அளவைப் படியுங்கள். அளந்ததை வாளியில் திரும்ப ஊற்ற வேண்டாம், குடித்துப் பாருங்கள். உங்கள் முதல் கேள்விக்கு உங்கள் நாக்கே பதில் சொல்லும்.

குலுக்கி:
என்ன இருந்தாலும் குலுக்கியதால் ஒன்றும் கெடவில்லை என்று தெரிகிறது.

சக்கைப்பிழி:
அதைச் சில மாதங்கள் கழித்துச் சொல்லுங்கள்.

இரவல்மூடி:
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். வீட்டில் போடும் ஒயினில் மெத்தனால் சேர்ந்து கண் போய்விடும் என்கிறார்களே, உண்மையா?

சக்கைப்பிழி:
பழத்தில் இருக்கும் பெக்டின் சிதையும்போது சிறிதளவு மெத்தனால் வரத்தான் செய்யும், கடையில் விற்கும் ஒயினிலும் அது இருக்கிறது. நொதித்தலால் மட்டும் அது கண்ணைப் பறிக்கும் அளவுக்குச் சேராது. பார்வையும் உயிரும் போன செய்திகள் பெரும்பாலும் தொழிற்சாலை மெத்தனாலைக் கலந்து விற்ற சாராயத்தால் வந்தவை. வீட்டில் காய்ச்சி வடிப்பது வேறு விவகாரம், பல நாடுகளில் குற்றம். இங்கே அதைப் பேச வேண்டாம். வீட்டு ஒயினில் பயப்பட வேண்டியது வேறு: நொதித்தல் முடியும் முன் பாட்டிலில் இறுக அடைப்பது. அழுத்தம் தாங்காமல் பாட்டில் வெடிக்கும்.

புதுக்குடுவை:
பார்த்தேன். தண்ணீரில் 1.000, ஒயினில் 0.996. ருசியில் இனிப்பே இல்லை, புளிப்புத்தான். நன்றி.

அளவுருளை:
முடிந்துவிட்டது. தொடக்கத்தின் 22 பிரிக்ஸ் ஏறத்தாழ 1.092 ஒப்படர்த்தி. 1.092இலிருந்து 0.996ஐக் கழித்து, இதற்கு வழக்கமாகப் பயன்படுத்தும் எண்ணான 131.25ஆல் பெருக்கினால் 12.6 சதவீதம் ஆல்கஹால். இரண்டு நாள் கழித்து மறுபடி அளந்து அதே எண் வந்தால், சைபன் குழாயால் தெளிவை மட்டும் இறுத்துவிடுங்கள், வண்டல் அடியிலேயே இருக்கட்டும். குழாயின் மறுமுனை புதுக் குடுவையின் அடியைத் தொட வேண்டும், மேலிருந்து சிதறி விழக் கூடாது. ஏற்கெனவே குலுக்கியதால், ஒயினைக் காற்றிலிருந்து காக்க இறுத்தும்போதே பொட்டாசியம் மெட்டாபைசல்ஃபைட் தூள் போட்டுவிடுங்கள். 10 லிட்டருக்கு 0.9 கிராம் என்றால் லிட்டருக்குச் சுமார் 50 மில்லிகிராம் சல்ஃபர் டைஆக்சைடு. கிராமைக் கரண்டியில் குத்துமதிப்பாக அளக்காதீர்கள், சிறிய மின்னணுத் தராசு வேண்டும். ஆஸ்துமா உள்ளவர்கள் அந்தத் தூளின் பக்கமே போகக் கூடாது.

வாளிக்கட்சி:
எதில் இறுத்துவார்? அவரிடம் வாளிதானே இருக்கிறது.

கண்ணாடிக்காரர்:
அதைத்தான் நான் முதலிலிருந்து சொல்கிறேன்.

வாளிக்கட்சி:
வண்டல் போக 9 லிட்டர் மிஞ்சினால் 10 லிட்டர் கண்ணாடிக் குடுவையில் ஒரு லிட்டர் காற்று நிற்கும். அப்போது உங்கள் கண்ணாடி என்ன செய்யும்?

மூத்த பீப்பாய்:
5 லிட்டர் குடுவை ஒன்று, மீதிக்குச் சிறிய பாட்டில்கள். எல்லாம் கழுத்துவரை நிரம்ப வேண்டும், ஒவ்வொன்றுக்கும் துளையிட்ட ரப்பர் அடைப்பானும் ஏர்லாக்கும். குறைகிற இடத்தை அதே வகை ஒயினால் நிரப்பலாம், தண்ணீரால் நிரப்பக் கூடாது. அடைப்பான் அளவைக் குடுவையின் வாயில் வைத்துப் பார்த்து வாங்குங்கள். ஈரமாக இருந்தால் வழுக்கி வெளியே வந்துவிடும், உலரத் துடைத்து அழுத்துங்கள்.

கண்ணாடிக்காரர்:
புதுக்குடுவை, குடுவை வாங்கினீர்களா? எந்த அளவு?

சக்கைப்பிழி:
அவர் நன்றி சொல்லிவிட்டுப் போய்விட்டார். இரண்டாவது அளவு 0.996தானா என்று மட்டும் யாராவது அவருக்குத் தனிச்செய்தி அனுப்பிக் கேளுங்கள், வண்டலின் மேல் அப்படியே விட்டுவைக்கப் போகிறார்.