செந்நாய்க்கு டிஸ்டெம்பர் வந்தால் காடு மாறுமா: ஆய்வு நிதிக்கு எப்படி எழுதுவது?

செம்மண்: முதுமலையை ஒட்டிய ஊர் நாய்களிடமிருந்து கெனைன் டிஸ்டெம்பர் என்ற வைரஸ் நோய் செந்நாய்க்குப் பரவினால் புள்ளிமான் எண்ணிக்கையும் செடிகளின் முளைப்பும் எப்படி மாறும் என்று ஆராய விரும்புகிறேன். கல்லூரியில் உதவிப் பேராசிரியராக இருக்கிறேன். முந்தைய விண்ணப்பம் "இது கால்நடை நோய் ஆய்வு, சூழலியல் எங்கே?" என்ற குறிப்போடு திரும்பியது. எங்கே விண்ணப்பிக்கலாம்? எத்தனை மாதிரி வேண்டும்?

ஓடைக்கரை: மதிப்பீட்டாளர் கேட்டது சரியான கேள்வி. நோய்க்கு முந்தைய கணக்கு இல்லாமல் விளைவைக் காட்ட முடியாது. பனாமாவின் எல் கோப்பேயில் தவளைகளைக் கொன்ற கைட்ரிட் பூஞ்சை 2004-இல் வந்தது. 1997 முதலே அங்கே பாம்புகளையும் கணக்கெடுத்து வந்ததால்தான், தவளைகள் போனபின் பாம்பு இனங்களும் குறைந்ததை 2020-இல் காட்ட முடிந்தது. ஆகவே முதல் மூன்று ஆண்டுகளை அடிப்படைக் கணக்குக்கென்றே வெளிப்படையாக எழுதுங்கள்.

இன்னொன்று: செந்நாய் குறைந்தாலும் புலியும் சிறுத்தையும் அதே மானைத் தின்னும், விளைவு மறைந்துவிடும். யார் எவ்வளவு மான் தின்கிறார்கள் என்று தெரிய மூன்றின் எச்சத்தையும் (மலத்தையும்) சேர்த்து ஆராயுங்கள். முளைப்பை ஒப்பிட நீங்கள் போடும், மான் நுழையாத வேலிப் பாத்திகளை யானை சாய்த்துவிடும். கூடுதல் பாத்திகளுக்கும் பழுதுபார்ப்புக்கும் இப்போதே பணம் ஒதுக்குங்கள்.

குளிர்பெட்டி: மாதிரிக் கணக்கு. நோய் 5% பரவியிருந்தால், 95% உறுதியோடு ஒரு நோயுற்ற நாயையாவது பிடிக்க 59 நாய்கள் வேண்டும். 2% என்றால் 149. சோதனை நோயுற்றதில் 80% மட்டுமே கண்டுபிடிக்கும் என்றால் அந்த 59 என்பது 74 ஆகும். இது ஒவ்வோர் ஊர்த் தொகுதிக்கும் தனித்தனி. எல்லா ஊரையும் கூட்டி 59 என்று எழுதினால் புள்ளியியல் தெரிந்தவர் உடனே பிடித்துவிடுவார்.

குட்டிகளின் ரத்தத்தில் தாயின் எதிர்ப்பொருள் இருக்கும், டிஸ்டெம்பருக்கும் சேர்த்துப் போடும் கலப்புத் தடுப்பூசி போட்ட நாயிலும் சோதனை பாசிட்டிவ் காட்டும். ஆறு மாதம் முதல் ஒரு வயதுவரையுள்ள, தடுப்பூசி போடாத நாய்கள்தான் அண்மைப் பரவலைச் சொல்லும். செந்நாய் எச்சத்தில் வைரஸின் மரபுப்பொருளான ஆர்என்ஏ விரைவில் சிதையும். ஆர்என்ஏலேட்டர் என்ற பாதுகாப்புத் திரவத்தில் போட்டாலும் 25 டிகிரியில் ஒரு வாரம்தான் தாங்கும். எச்சத்தில் நெகட்டிவ் வந்தால் நோய் இல்லை என்று எழுதிவிடாதீர்கள்.

பேபீசியா என்ற ரத்த ஒட்டுண்ணியையும் சோதியுங்கள். செரங்கெட்டியில் 1994-இல் சிங்கங்களில் மூன்றில் ஒரு பங்கு செத்ததற்கு, வறட்சிக்குப் பின் உண்ணி வழியாக வந்த அந்தத் தொற்றும் டிஸ்டெம்பரோடு சேர்ந்ததே காரணம்.

வனச்சாலை: நிரந்தரப் பணி இருப்பதால் மத்திய அரசின் ஆய்வு நிதி அமைப்பான அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளை, அதாவது பழைய செர்ப் (SERB), முதல் இடம். பிரிட்டனின் ரஃபோர்டு அறக்கட்டளை இயற்கைப் பாதுகாப்புக்குத் தரும் சிறு நிதி களப்பணிக்கு உதவும், ஆனால் தூய ஆராய்ச்சிக்குத் தராது. ஊர் நாய்களுக்குத் தடுப்பூசி போடும் பகுதியைச் சேர்த்தால் பொருந்தும்.

காட்டுக்குள் எச்சம் பொறுக்கவும் தலைமை வன உயிரினக் காப்பாளரின் அனுமதி தேவை. நாய் ரத்தத்துக்குக் கால்நடை மருத்துவரும் நிறுவன நெறிமுறைக் குழு ஒப்புதலும் வேண்டும். அனுமதி தாமதமானால் சம்பளத்துக்கு ஒதுக்கிய பணம் களப்பணி இல்லாமலே கரையும். அதனால் நிதி விண்ணப்பத்தோடு சேர்த்தே அனுமதிக்கும் மனு போடுங்கள். வெளிநாட்டு ஆய்வகத்தை நம்பி எழுதாதீர்கள். மாதிரியை அனுப்ப உயிரியல் பன்மய ஆணையத்தின் ஒப்புதல் என்று இன்னொரு படி கூடும். தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தில் ஒரு கூட்டாளியைப் பிடித்து, அவர் ஒப்புதல் கடிதத்தை இணையுங்கள்.