தலையாறு அருவி (எலிவால்) அடிவாரத்துக்கு மஞ்சளாறு டேம் பக்கமா நடந்து போனவங்க யாராச்சும் இருக்கீங்களா?

மதுரைக்காரன்:
எல்லாருக்கும் வணக்கம். சின்ன வயசுல இருந்து கொடைக்கானல் போறப்பல்லாம் டம்டம் பாறைல பஸ் நின்னா எறங்கி எலிவால் அருவிய பாத்துட்டே நிப்பேன், எதிர் மலைல வெள்ளை நூல் தொங்குற மாதிரி இருக்கும், 297 மீட்டர் உயரம், தமிழ்நாட்டுலயே உயரமான அருவின்னு சொல்றாங்க. ஆனா அது விழுற எடத்த கிட்டப் போய் பாத்தவங்க யாரையும் இதுவரைக்கும் நான் பாக்கல. தேவதானப்பட்டி தாண்டி மஞ்சளாறு டேம்ல இருந்து ஆத்த ஒட்டியே போனா அடிவாரம் வந்துடும், பாதை இருக்கு ஆனா பொதர் மண்டிப் போச்சுன்னு ஒருத்தர் சொன்னாரு. டிசம்பர்ல நாங்க மூணு பேர் போலாம்னு இருக்கோம். ஒரே நாள்ல போய்ட்டு திரும்ப முடியுமா? அரிவாள் ஏதும் கொண்டு போகணுமா?

தேவதானப்பட்டி பையன்:
அண்ணே நான் இந்த ஊருதான், ஒரு தடவ போயிருக்கேன், முழுசா போய்ச் சேரல, அதனால நடந்தத அப்படியே சொல்றேன். மொதல்ல ஒரு மணி நேரம் ஒண்ணும் தெரியாது, மாந்தோப்பு, தென்னந்தோப்பு, அப்புறம் மாடு மேய்க்கிறவங்க போற தடம், செருப்பு போட்டே நடக்கலாம். அதத் தாண்டுனா உண்ணிச்செடி (லன்டானா முள்ளுப்பொதர்) ஆரம்பிச்சுடும். தலைக்கு மேல ரெண்டு பக்கமும் கோத்துக்கிட்டு குகை மாதிரி நிக்கும், குனிஞ்சு குனிஞ்சு போகணும், முள்ளு சட்டையப் பிடிச்சு இழுத்துட்டே இருக்கும், அரை கிலோமீட்டர் போக எங்களுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல ஆச்சு. தடம் ஒரே கரைல போகாது, ஆத்த இந்தப் பக்கம் அந்தப் பக்கம்னு தாண்டிட்டே இருக்கும், ஒவ்வொரு தடவ தாண்டுனப்புறமும் எதிர்க்கரைல தடம் எங்க ஏறுதுன்னு தேடணும், அதுலயே பாதி நாள் போயிடும். எங்க கூட தோப்புக் காவலுக்கு இருக்குற பெரியவர் வந்தாரு, அவரே ரெண்டு எடத்துல நின்னு யோசிச்சாரு. அவரு சின்ன வயசுல வெறகுக்கும் தேனுக்கும் ஆளுங்க போவாங்களாம், இப்ப யாரும் போறதில்ல, நடக்க ஆள் இல்லாததுனாலதான் தடம் மூடிருச்சுன்னாரு.

அருவிச் சத்தத்த நம்பி போகாதீங்க. பள்ளத்தாக்குல சத்தம் எதிரொலிச்சு பக்கத்துலயே இருக்குற மாதிரி கேக்கும். நாங்க இந்தா வந்துருச்சு இந்தா வந்துருச்சுன்னு போய்ட்டே இருந்தோம், ரெண்டு மணி ஆயிடுச்சு, காட்டுமாட்டுச் சாணி ஈரம் காயாம கெடந்துச்சு, பெரியவர் போதும் திரும்புங்கடான்னாரு. பாறை இடுக்குல மேல்பாதி மட்டும் தெரிஞ்சுச்சு. அவ்வளவுதான் பாத்தேன், இன்னிக்கும் கண்ணுல நிக்குது.

மலைவாசி62:
தம்பி, அரிவாள் வேண்டாம். அது வனத்துறைக்கு உள்பட்ட எடம், செடிய வெட்டுனாலே கேஸ் ஆகும், அனுமதி இல்லாம உள்ள போறதே தப்பு. 2018 மார்ச் 11 குரங்கணித் தீ ஞாபகம் இருக்கும், நம்ம தேனி மாவட்டத்துல ட்ரெக்கிங் போனவங்க காட்டுத்தீல மாட்டி 23 உயிர் போச்சு. அதுக்கப்புறம்தான் ட்ரெக்கிங்குக்குன்னே தனியா விதி கொண்டு வந்தாங்க. 2024ல இருந்து ட்ரெக் தமிழ்நாடுன்னு அரசே ஆன்லைன்ல புக்கிங் குடுக்குது, 40 பாதை, கூடவே ஊர்க்காரங்களே கைடா வர்றாங்க. மொதல்ல தேவதானப்பட்டி ரேஞ்சர் ஆபீஸ்ல நேர்ல போய் கேளுங்க. முடியாதுன்னு சொன்னா விட்டுடுங்க.

இன்னொண்ணு, டிசம்பர்னு சொல்றீங்க. அந்தப் பக்கத்துக்கு வடகிழக்குப் பருவமழைதான் பெரிய மழை. கீழ டேம்ல வெயில் அடிக்கும், மேல பெருமாள்மலைப் பக்கம் கொட்டித் தீர்க்கும், அந்தத் தண்ணி முழுக்க இந்த ஒரே பள்ளத்துலதான் எறங்கும். காலைல முழங்கால் அளவு தாண்டுன எடத்த சாயங்காலம் தாண்ட முடியாது. தெளிவா ஓடுற தண்ணி திடீர்னு கலங்குனாலோ சருகும் குச்சியுமா மெதந்து வந்தாலோ போட்டோ எடுத்துட்டு நிக்காதீங்க, உடனே மேட்டுக்கு ஏறிடுங்க. ரெண்டு கரையும் மாறி மாறிப் போற பாதைன்னு மேல அந்தத் தம்பி சொல்லியிருக்காரே, அப்ப வெள்ளம் வந்தா எந்தக் கரைல மாட்டுவீங்கன்னு யோசிச்சுப் பாருங்க.

தேனி நர்ஸ்:
நான் காட்டுக்கெல்லாம் போனதில்ல, ஆனா போய்ட்டு வந்தவங்கள வார்டுல பாத்திருக்கேன். எல்லாரும் அட்டைக்குத்தான் பயப்படுறாங்க, அட்டை ரத்தத்தக் குடிச்சுட்டு விழுந்துடும். இந்த மாதிரி பொதர்ல இருக்குற கண்ணுக்கே தெரியாத சின்னப் பூச்சி கடிச்சு ஸ்க்ரப் டைஃபஸ் வரும், பேப்பர்ல உண்ணிக் காய்ச்சல்னு போடுவாங்களே அதுதான். மழை முடிஞ்சு குளிர் வர்ற மாசங்கள்ல அதிகம். கடிச்ச அன்னிக்கு ஒண்ணும் தெரியாது, ஒரு வாரம் பத்து நாள் கழிச்சு காய்ச்சல், தலைவலி வரும். அக்குள், இடுப்பு, தொடை இடுக்குல சிகரெட் சுட்ட மாதிரி கருப்பா ஒரு பொருக்கு இருக்கான்னு பாருங்க, அது வலிக்காது அதனாலயே கவனிக்க மாட்டாங்க, இல்லன்னாலும் இந்தக் காய்ச்சல் இருக்கலாம். டாக்டர்கிட்ட காட்டுக்குப் போனோம்னு கட்டாயம் சொல்லுங்க, டாக்ஸிசைக்ளின் சீக்கிரம் குடுத்தா நல்லா கேக்கும், லேட் ஆனா நுரையீரல், கிட்னி வரைக்கும் போயிடும். முழுக்கை சட்டை, பேன்ட்ட சாக்ஸுக்குள்ள விட்டுக்கோங்க, பொதர் மேல உக்காராதீங்க, வந்ததும் துணியெல்லாம் கழட்டிட்டு சோப்புப் போட்டு தேச்சுக் குளிங்க.

மதுரைக்காரன்:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. டிசம்பர் வேண்டாம்னு முடிவு பண்ணிட்டோம். ஜனவரி கடைசில மழை நின்னு பதினஞ்சு நாளாவது ஆனப்புறம், ரேஞ்சர் ஆபீஸ்ல கேட்டுட்டுத்தான். அனுமதி கெடைக்கலன்னா கொடைக்கானல் பக்கம் இருக்குற வட்டக்கானல் வெள்ளகவி பாதைய ஆன்லைன்ல புக் பண்ணிட்டு அங்க போய்க்கிறோம். தம்பி, அந்தப் பெரியவர் இப்பவும் தோப்புல இருக்காரா?

தேவதானப்பட்டி பையன்:
இருக்காருண்ணே, ஆனா முட்டி வலி, ஏற மாட்டாரு. எந்தெந்த எடத்துல தடம் கரை மாறுதுன்னு உக்கார வச்சு கேட்டுக்கலாம். காமாட்சியம்மன் கோயில்கிட்ட வந்து மெசேஜ் போடுங்க, நான் கூட்டிட்டுப் போறேன்.