சம்பளம் என்னைவிட கம்மி, ஆனா காசு அவர்கிட்டதான் இருந்துச்சு

எங்க டீம்ல ஒருத்தர் இருந்தார், பேர் வேணாம். என்னைவிட மூத்தவர், சம்பளம் என்னைவிட கம்மி, அவரே ஒரு தடவை சொல்லிருக்கார். ஒரு மாசம் ஆபீஸ்ல சம்பளம் பதினஞ்சு நாள் லேட்டாச்சு. மூணாவது நாளே நான் கிரெடிட் கார்டைத் தேய்க்க ஆரம்பிச்சு ஆறாவது நாள் ஃப்ரெண்டுகிட்ட கைமாத்து கேட்டு நிக்கிறேன், இவர் பாட்டுக்கு வர்றார் போறார். உங்களுக்கு மட்டும் எப்படி சார் ஓடுதுன்னு கேட்டேன். "வரலைன்னாலும் எட்டு மாசம் ஓடும் தம்பி"ன்னார். பெருமையா கூட இல்ல, மணி கேட்டா சொல்ற மாதிரி.

உண்மையச் சொன்னா எரிச்சல்தான் வந்துச்சு. பரம்பரை சொத்து இருக்கும்னு நானே ஒரு கதை கட்டிக்கிட்டேன். அவர் ஒண்ணுதான் கேட்டார், போன மாசம் எவ்ளோ செலவு பண்ணீங்க? டக்குனு ஒரு நம்பர் சொன்னேன். வீட்டுக்குப் போய் ஸ்டேட்மென்ட் எடுத்துப் பாத்தா நான் சொன்னதைவிட மூணுல ஒரு பங்கு அதிகம், அதுல ரெண்டு சப்ஸ்கிரிப்ஷன் நான் வாங்குனதே மறந்துபோச்சு. இது பத்தாதுன்னு கார்டுல மினிமம் ட்யூ, அதாவது பில்லுல கட்டாயம் கட்ட வேண்டிய சின்னப் பங்கை மட்டும் கட்டிட்டு வந்திருக்கேன். மீதிக்கு வட்டி மாசம் 3% தானேன்னு நெனச்சது வட்டிக்கு வட்டி போட்டா வருஷத்துக்கு 42%க்கு மேல போகுது, இதைக் கால்குலேட்டர்ல போட்டுப் பாக்கவே எனக்கு நாலு வருஷம் ஆச்சு பாருங்க.

அவர் பண்ணது பெரிய வித்தையெல்லாம் இல்ல. சம்பளம் வந்த அன்னைக்கே ஒரு பங்கு தானா வேற அக்கவுண்டுக்குப் போயிடும், அதுக்கு போன்ல ஆப்பும் இல்ல கார்டும் இல்ல. இன்க்ரிமென்ட் வந்தா அதுல பாதியும் அங்கதான். கையில ஒரு தடவை வந்துட்டா அப்புறம் குடுக்க மனசு வராது தம்பி, வர்றதுக்கு முன்னாடியே ஒதுக்கிடணும்பார்.

நானும் ட்ரை பண்ணேன், ரெண்டு தடவை ஊத்திக்கிச்சு. முதல்ல மாசக் கடைசியில மிஞ்சுறதைப் போடலாம்னு பாத்தேன், என்னைக்கு மிஞ்சிருக்கு? அடுத்து வீராப்பா 40% ஒதுக்கி ரெண்டாவது மாசமே அதுல கை வெச்சேன். இப்ப 10%, நிக்குது.

—

பதில்: ப்ரோ அந்த இன்க்ரிமென்ட் மேட்டரை ரிச்சர்ட் தேலர், ஷ்லோமோ பெனார்ட்சின்னு ரெண்டு பொருளாதார ஆய்வாளர்கள் 2004ல ஆய்வாவே வெளியிட்டிருக்காங்க. சம்பளம் ஏறுறப்ப எல்லாம் சேமிப்பும் தானா ஏறுற மாதிரி ஒரு கம்பெனி ஊழியர்களுக்கு செட் பண்ணாங்க, 40 மாசத்துல அவங்க சேமிப்பு சம்பளத்துல 3.5%லேர்ந்து 13.6%க்குப் போயிடுச்சு.

ஆனா என் கதை உங்களுக்கு நேர் எதிர். எனக்கு செலவு பண்ணவே பயம், எல்லாத்தையும் சேவிங்ஸ் அக்கவுண்ட்லயே போட்டு பூட்டி வெச்சேன், பதினோரு வருஷம். விலைவாசி வருஷம் 6% ஏறுனா எத்தனை வருஷத்துல ரெட்டிப்பாகும்னு தோராயமா தெரிய 72ஐ ஆறால வகுங்க, 12 வருஷத்துல காசோட மதிப்பு பாதி. பாதுகாப்புன்னு நெனச்சு கரைய விட்டிருக்கேன். அப்புறம் ரோஷம் வந்து இண்டெக்ஸ் ஃபண்ட்ல (ஒரு பங்குச் சந்தைக் குறியீட்டை அப்படியே பின்பற்றுற ஃபண்ட்) போட்டேன், 2020 மார்ச்ல எல்லாம் விழுந்தப்ப ராத்திரி தூக்கம் வராம மொத்தத்தையும் வித்துட்டேன். அமெரிக்கப் பங்குச் சந்தைக் குறியீடு எஸ் அண்ட் பி 500 மார்ச் 23ல அடிமட்டம் தொட்டுச்சு, ஆகஸ்ட்லயே பழைய உச்சத்தைத் தாண்டிடுச்சு. நான் வெளிய நின்னு வேடிக்கை பாத்தேன். அப்ப தினமும் இருபது தடவையாவது ஆப் தொறந்து பாப்பேன், இப்ப மூணு மாசத்துக்கு ஒரு தடவைதான். அந்த ஒரு பழக்கம் மாறுனதுலயே பாதி பயம் போச்சு, மீதி இன்னும் இருக்கு.

—

பதில்: உங்க நெலமை வேற மாதிரி கஷ்டம் ப்ரோ, நான் யோசிச்சதே இல்ல. என்னோட சேமிப்பு நேத்துதான் மூணு மாசச் செலவைத் தாண்டுச்சு. அந்த டீம் சாருக்கு மெசேஜ் போட்டேன், ஒரு கட்டைவிரல் அனுப்புனார், அவ்ளோதான்.