பைக் சாதனை ஓட்டத்தை ஊரிலிருந்தே பின்தொடர்பவர்களுக்கு: செட்டிநாட்டுப் பக்கத்து அனுபவங்கள்

காரைக்குடியிலிருந்து

24 மணி நேரத்தில் 1000 மைல் மாதிரி சாதனை ஓட்டம் போகிறவரின் போன் இருக்கும் இடம் நம் வரைபடத்தில் ஒரு புள்ளியாக நகரும். அந்தப் புள்ளி நின்றதும் ஓட்டுபவருக்குப் போன் அடிப்பதை முதலில் நிறுத்த வேண்டும். வண்டி நின்றால் புள்ளி நிற்கும். சிக்னல் போனாலும், போன் அணைந்தாலும், பகிர்வு நேரம் முடிந்துபோனாலும் அது நிற்கத்தான் செய்யும். இவற்றில் எது என்று கண்டுபிடிப்பதுதான் இங்கே உட்கார்ந்திருக்கும் நம் வேலை.

வாட்ஸ்அப் லைவ் லொக்கேஷனில் 15 நிமிடம், 1 மணி நேரம், 8 மணி நேரம் என மூன்றே தெரிவுகள். காலை 4 மணிக்குக் கிளம்பியவரின் புள்ளி பகல் 12-க்கு மறைந்துவிடும், மறுபடி பகிர்ந்தால் இரவு 8-க்கு மறையும். அந்த நேரங்களை முன்பே குறித்து வைத்திருந்தால் யாரும் பதற மாட்டார்கள். கூகுள் மேப்ஸில் 'நிறுத்தும் வரை பகிர்' என்ற தெரிவு இருக்கிறது. அதோடு அவருடைய போன் பேட்டரி எத்தனை சதவீதம் என்பதும் தெரியும். என் கணக்கில் புள்ளியைவிட அந்தச் சதவீதம்தான் முக்கியம். கிளம்பும்போது 95 இருந்தது மூன்று மணி நேரத்தில் 60-க்கு வந்துவிட்டால், சார்ஜர் வயர் அதிர்வில் கழன்றிருக்கிறது அல்லது வெயிலில் போன் சூடேறிச் சார்ஜ் ஏற்றுவதை நிறுத்திவிட்டது என்று அர்த்தம். 'வயரைப் பார், போனை நிழலுக்கு மாற்று' என்று ஒரு வரி அனுப்பினால் அடுத்த பெட்ரோல் பங்கில் பார்த்துக்கொள்வார். பேட்டரி சரியாக இருந்தும் புள்ளி அடிக்கடி உறைகிறது என்றால், பெரும்பாலும் ஆண்ட்ராய்டின் பேட்டரி சேமிப்பு அமைப்பு செயலியைப் பின்னணியில் நிறுத்தியிருக்கும். அதைக் கிளம்பும் முன்பே அணைத்து வைக்கச் சொல்லுங்கள்.

ஸ்ரீநகர் - கன்னியாகுமரி ஓட்டத்தைப் பார்ப்பவர்களுக்குத் தனியாக ஒன்று. நம் ஊர் ப்ரீபெய்டு சிம் ஜம்மு காஷ்மீரிலும் லடாக்கிலும் வேலை செய்யாது, போஸ்ட்பெய்டு செய்யும். இது தெரியாமல் போனவரின் புள்ளி, பஞ்சாபுக்குள் இறங்கும் வரை வராது. போஸ்ட்பெய்டு இருந்தாலும் பானிஹால் - காசிகுண்ட் சுரங்கம் 8.45 கி.மீ., செனானி - நாஷ்ரி சுரங்கம் சுமார் 9 கி.மீ. 60 கி.மீ. வேகத்தில் ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய 9 நிமிடம் ஜிபிஎஸ் கிடைக்காது. லே பக்கத்திலிருந்து மணாலி வழியாக வந்தால் அடல் சுரங்கம் 9.02 கி.மீ. இவை மூன்றையும் நேரத்தோடு தாளில் எழுதி வைத்துவிடுங்கள்.

வெளிநாட்டு ஓட்டங்களில் ஸ்பாட், கார்மின் இன்ரீச் போன்ற செயற்கைக்கோள் கருவிகளை வைத்துக்கொள்வார்கள். நம் நாட்டில் உரிமம் இல்லாமல் அவற்றைப் பயன்படுத்துவது குற்றம், இதற்காக வெளிநாட்டுப் பயணிகளே பிடிபட்டிருக்கிறார்கள். ஆகவே இங்கே செல்போன் கோபுரம் இல்லாத இடத்தில் புள்ளி கிடையாது. அதை ஏற்றுக்கொண்டுதான் பின்தொடர வேண்டும். டிராக்கார் போன்ற செயலி சிக்னல் இல்லாத இடத்துப் புள்ளிகளைச் சேர்த்து வைத்து, பிறகு மொத்தமாக அனுப்பும். புள்ளி திடீரென்று 40 கி.மீ. தாவினால் கோளாறு என்று நினைக்க வேண்டாம், நடுவில் இருந்ததும் கொஞ்ச நேரத்தில் வந்து சேரும்.

தேவகோட்டையிலிருந்து

காரைக்குடி அண்ணன் சொன்னதோடு கணக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நெடுந்தூர பைக் ஓட்டங்களைச் சரிபார்க்கும் அமெரிக்காவின் அயர்ன் பட் அசோசியேஷன் தரும் சேடில்சோர் சான்றிதழுக்கு 24 மணி நேரத்தில் 1000 மைல், அதாவது சுமார் 1,610 கி.மீ. ஓட வேண்டும். சராசரி மணிக்கு 67 கி.மீ. பன் பர்னர் 1500 என்பது 36 மணி நேரத்தில் 1500 மைல், சராசரி அதே 67. இதைக் கேட்டால் எளிதாகத் தெரியும். ஆனால் நம் நான்குவழிச் சாலையில் இருசக்கர வண்டிக்கு உச்ச வேகம் 80. எங்கேயும் குறையாமல் 80-இலேயே ஓடினாலும் 20 மணி 8 நிமிடம் ஆகும். பெட்ரோல், சாப்பாடு, கழிப்பறை, செயினுக்கு எண்ணெய், கண்ணயர்வு எல்லாவற்றுக்கும் சேர்த்து மிச்சம் 3 மணி 52 நிமிடம். நிஜத்தில் ஊர்களுக்குள்ளும் சாலை வேலை நடக்கும் இடங்களிலும் வேகம் இறங்கும். ஓடும்போது சராசரி 75 என்றால் மிச்சம் இரண்டரை மணி நேரம்தான்.

அதனால் வேகத்தைப் பார்க்காதீர்கள், நின்ற நேரத்தைக் கூட்டுங்கள். நோட்டில் ஐந்து கட்டம் போதும்: நேரம், இடம், ஓடிய தூரம், நின்ற நிமிடம், பேட்டரி. டாமினார் 400 பைக்குக்கு 13 லிட்டர் டாங்க். லிட்டருக்கு 28 கி.மீ. கொடுத்தால் 364 வரை போகும், ஆனால் 300-இல் நிரப்புவதுதான் பாதுகாப்பு. அப்படியென்றால் வழியில் ஐந்து முறை. 17 லிட்டர் டாங்க் உள்ள ஹிமாலயன் 450 பைக்குக்கு 400 கி.மீ.க்கு ஒருமுறை, கடைசி நிரப்பலைத் தவிர்த்தால் வழியில் மூன்று முறை. ஒரு பங்கில் 8 நிமிடத்தில் வெளியே வருபவருக்கும் 20 நிமிடம் எடுப்பவருக்கும் ஐந்து நிறுத்தத்தில் ஒரு மணி நேரம் வித்தியாசம். ஓட்டம் கைவிட்டுப் போவது பெரும்பாலும் இங்கேதான்.

இரண்டு புள்ளிகளுக்கு இடையில் செயலி நேர்கோடு போட்டுத் தூரம் காட்டும். பத்து நிமிட இடைவெளி என்றால் அதற்குள் 13 கி.மீ. ஓடியிருப்பார். தொப்பூர் கணவாய் மாதிரி வளைவான இடத்தில் அந்தக் கோடு சாலையைவிடக் குறைவாகக் காட்டும். வண்டியின் ஓடோமீட்டர் அதற்கு நேர்மாறாக, சில சதவீதம் கூடக் காட்டுவதுண்டு. சான்றிதழுக்கு எடுத்துக்கொள்வது இரண்டையும் அல்ல, வரைபடத்தில் அந்த வழியை அளந்த தூரத்தைத்தான். எனவே 1,610-க்குத் திட்டம் போடாமல் 1,660, 1,670 என்று போட வேண்டும்.

கணக்கில் 95, 100 என்று வேகம் வந்தால் குழுவில் கைதட்ட வேண்டாம். நாம் கைதட்டுவதை அடுத்த பங்கில் அவர் படிப்பார்.

பள்ளத்தூரிலிருந்து

வீட்டில் இருப்பவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆச்சியும் அப்பச்சியும் புள்ளியைப் பார்த்துக்கொண்டிருந்தால் ராத்திரி முழுக்கத் தூங்க மாட்டார்கள். அவர்களுக்கு வரைபட இணைப்பைக் கொடுக்காமல், நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை 'இந்த ஊர் தாண்டியாச்சு, சாப்பிட்டாச்சு' என்று ஒருவர் போய்ச் சொன்னால் போதும். ஓட்டுபவருக்குப் போன் செய்ய ஒரே ஒருவருக்குத்தான் உரிமை என்று முதலிலேயே முடிவு செய்யுங்கள். மற்றவர்கள் எல்லாம் அவரிடம்தான் கேட்க வேண்டும். ஹெல்மெட்டுக்குள் புளூடூத் மணி அடித்தால் கவனம் சிதறும். பங்கில் நின்று இருபது பேருக்குப் பதில் போட்டால் பத்து நிமிடம் போய்விடும்.

கானாடுகாத்தானிலிருந்து

புள்ளி நமக்குத்தான். சான்று என்பது பில். தொடங்கும் நேரம் முதல் பெட்ரோல் பில்லில் உள்ள நேரம், முடியும் நேரம் கடைசி பில்லில் உள்ளது. பைக்குக்கு நெடுஞ்சாலைச் சுங்கக் கட்டணம் கிடையாது, ஃபாஸ்டாக் இல்லை. ஆகவே காருக்குக் கிடைக்கும் சுங்கச்சாவடிப் பதிவு நமக்குக் கிடைக்காது, பெட்ரோல் பில்லைத்தான் பெரிதும் நம்ப வேண்டும்.

பில்லில் தேதி, நேரம், ஊர் மூன்றும் அச்சாகியிருக்க வேண்டும், கையால் எழுதிய பில் உதவாது. சில பங்குகளில் கருவியின் கடிகாரமே தப்பாக ஓடும். வண்டியை எடுக்கும் முன் போன் நேரத்தோடு ஒப்பிடச் சொல்லுங்கள். தப்பாக இருந்தால் யுபிஐயில் பணம் கட்டிய நேரம் துணைக்கு நிற்கும், அதற்காகவே ரொக்கம் கொடுக்காமல் இருப்பது நல்லது. பில் தெர்மல் தாள். டாங்க் பையில் வெயில் பட்டுக் கிடந்தால் எழுத்து மங்கிவிடும். பில்லையும் ஓடோமீட்டரையும் ஒரே படத்தில் எடுத்து அங்கேயே அனுப்பிவிட வேண்டும், இங்கே ஒருவர் அதை வரிசையாகச் சேமித்து எண் போட வேண்டும். திரும்பும் முனைகளில் பில் கண்டிப்பாக வேண்டும். குறுக்கு வழியில் திரும்பவில்லை என்று காட்ட அதுதான் ஆதாரம்.

நம் ஊரிலிருந்து கிளம்புகிறார் என்றால் தொடக்கச் சாட்சி நாமாக இருக்கலாம். நேரில் நின்று ஓடோமீட்டரைப் படித்து, பெயர், முகவரி, கையெழுத்துப் போட வேண்டும். படத்தைப் பார்த்துக் கையெழுத்துப் போடுவது சாட்சி ஆகாது.

வழி தேர்ந்தெடுக்கும்போது இன்னொன்று. பெங்களூரு - மைசூரு அதிவேகச் சாலையில் 2023 ஆகஸ்டிலிருந்து பைக்குக்கு அனுமதி இல்லை, மும்பை - புனே அதிவேகச் சாலையிலும் இல்லை. கூகுள் மேப்ஸில் இருசக்கர வண்டித் தெரிவைப் போடாவிட்டால் அது காட்டுவது கார் வழி. நடுவில் திருப்பி விடப்பட்டால் அரை மணி நேரம் போகும்.

கோட்டையூரிலிருந்து

நிஜமாகவே ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வது என்று யாரும் எழுதவில்லையே. இங்கிருந்து 112 அடித்தால் தமிழ்நாட்டுக் கட்டுப்பாட்டு அறைக்குப் போகும், மத்தியப் பிரதேசத்தில் கிடக்கும் வண்டிக்கு அது சுற்றுவழி. தேசிய நெடுஞ்சாலை என்றால் 1033, நாடு முழுக்க ஒரே எண். சாலை எண், கடைசியாகத் தாண்டிய ஊர், எந்த ஊரை நோக்கிப் போகும் பக்கம் ஆகிய மூன்றையும் சொல்லுங்கள். புள்ளியை அழுத்திப் பிடித்தால் வரும் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். சாகர், நாக்பூர், ஆதிலாபாத், கர்னூல் என்று வழியில் வரும் பெரிய ஊர்களின் நெடுஞ்சாலைக் காவல் எண்களை முதல் நாளே எடுத்து வைப்பது இன்னும் நல்லது.

எப்போது கூப்பிடுவது? புள்ளி புதுப்பித்துக்கொண்டே இருக்கிறது, பேட்டரியும் இருக்கிறது, ஆனால் பங்கோ கடையோ இல்லாத நடுச்சாலையில் 20 நிமிடமாக ஒரே இடம். இந்த மூன்றும் சேர்ந்தால், போன் செய்யும் உரிமை உள்ள அந்த ஒருவர் போன் அடிக்கலாம். எடுக்கவில்லை, இன்னும் 10 நிமிடம் அசைவில்லை என்றால் 1033. புள்ளி புதுப்பிக்கவே இல்லை என்றால் அடுத்த பெரிய ஊருக்கு வரவேண்டிய நேரத்தோடு ஒரு மணி நேரம் கூட்டிக் காத்திருங்கள்.

காரைக்குடியிலிருந்து

கோட்டையூர்த் தம்பி எழுதியதை எல்லோரும் அச்சடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

வெளிநாட்டு ஓட்டங்களை ஸ்பாட்வாலா என்ற தடம் காட்டும் இணையதளத்தில் பார்ப்பவர்கள் நேரத்தைக் கவனிக்க வேண்டும். யுடிசி என்ற உலகப் பொது நேரம் என்றால் ஐந்தரை மணி நேரம் கூட்டணும். அங்கே 21:00 என்றால் நமக்கு மறுநாள் அதிகாலை 2.30, தேதியும் மாறும். இப்படிப் பார்க்கும் வசதியே புதிது. அர்ஜென்டினாவின் எமிலியோ ஸ்கோட்டோ 1985 முதல் 1995 வரை ஹோண்டா கோல்டு விங்கில் 7,35,000 கி.மீ. சுற்றியபோது அவர் வீட்டாருக்கு இப்படி ஒரு புள்ளி கிடையாது.

ஓட்டம் முடிந்ததும் தடத்தை ஜிபிஎக்ஸ் கோப்பாக அன்றைக்கே இறக்கி, பில் படங்களோடு இரண்டு இடத்தில் சேமியுங்கள். முடித்தவர் அங்கேயே அறை எடுத்துக் குறைந்தது எட்டு மணி நேரம் தூங்க வேண்டும். தனுஷ்கோடியில் முடித்துவிட்டு, ராமநாதபுரம், தேவகோட்டை வழியாக அன்றிரவே வீட்டுக்கு வருகிறேன் என்றால் விடாதீர்கள். அது இருவழிச் சாலை, எதிர்விளக்கு கண்ணைக் கூசும், உடம்பில் ஓட்டத்தின் வேகம் இறங்கியிருக்கும். ராமேஸ்வரத்திலேயே அறையை முன்பதிவு செய்து கொடுத்துவிட்டு, மாலையும் வரவேற்பும் மறுநாள் சாயங்காலம் என்று குழுவில் எழுதிவிடுங்கள்.