கொரோனா வைரஸின் பாலிமரேஸுக்குத் துணைப் புரதங்கள் எதற்கு?

கேள்வி (நுண்ணுயிரியல் முதுகலை மாணவி):
வணக்கம். சார்ஸ்-கோவ்-2 வைரஸின் ஆர்என்ஏவைப் படியெடுக்கும் நொதி (பாலிமரேஸ்) என்எஸ்பி12 என்று பாடத்தில் படித்தோம் (என்எஸ்பி என்பது வைரஸ் துகளின் கட்டமைப்பில் இடம்பெறாத புரதம்). ஆனால் ஆய்வுக் கட்டுரைகளில் என்எஸ்பி7, என்எஸ்பி8 ஆகியவற்றையும் அதனுடன் சேர்த்தே எழுதுகிறார்கள். வினை நடக்கும் இடமான வினையூக்க மையம் என்எஸ்பி12-இல் இருக்கும்போது மற்ற இரண்டுக்கும் என்ன வேலை? அதேபோல, படியெடுப்பில் நேரும் பிழைகளைத் திருத்தும் என்எஸ்பி14-க்கு என்எஸ்பி10 எதற்குத் தேவைப்படுகிறது?

பதில் (கட்டமைப்பு உயிரியல் ஆய்வாளர்):
வணக்கம். என்எஸ்பி12 தனியாக இருந்தால் ஆர்என்ஏவை இறுகப் பற்றுவதில்லை. ஏறத்தாழ 30,000 நியூக்ளியோடைடுகள் கொண்ட மரபணுத்தொகுதியை இடையில் நழுவவிடாமல் படியெடுப்பதற்கு அந்தப் பிடி போதாது. 2020-இல் வெளியான கிரையோ (உறைநிலை) எலக்ட்ரான் நுண்ணோக்கிக் கட்டமைப்புகளில், ஒரு என்எஸ்பி12-உடன் ஒரு என்எஸ்பி7-உம் இரண்டு என்எஸ்பி8-உம் இணைந்திருப்பதையும், என்எஸ்பி8-இன் நீண்ட சுருள் முனைகள் வெளிவரும் இரட்டை இழை ஆர்என்ஏவின் இருபுறமும் படிக்கட்டுக் கைப்பிடிகளைப் போல நீண்டிருப்பதையும் காணலாம். அந்த முனைகளில் நேர்மின்னூட்டம் கொண்ட அமினோ அமிலங்கள் மிகுந்திருப்பதால், எதிர்மின்னூட்டம் கொண்ட ஆர்என்ஏ விலகிப் போவதில்லை. இரண்டு என்எஸ்பி8-களில் ஒன்று என்எஸ்பி12-ஐ நேரடியாகப் பற்ற, மற்றொன்று என்எஸ்பி7-உடன் இணையாக வந்து அமர்கிறது. ஒரே புரதம் இரு வேறு நிலைகளில் பொருந்துவது இந்த அமைப்பில் எனக்கு மிகவும் பிடித்த நுணுக்கம்.

பதில் (வைரஸியல் ஆசிரியர்):
இரண்டாம் கேள்விக்கு நான் விடை சொல்கிறேன். என்எஸ்பி10-க்கு நொதிச் செயல் எதுவும் இல்லை. ஆனால் அது வந்து சேர்ந்தால்தான் என்எஸ்பி14-இன் பிழைதிருத்தும் பகுதி சரியான வடிவில் நிலைபெறுகிறது. 2003-இல் பரவிய சார்ஸ் வைரஸின் புரதங்களைக் கொண்டு செய்த சோதனையில், என்எஸ்பி10 சேர்ந்ததும் பிழைதிருத்தும் வேகம் 35 மடங்குக்கு மேல் உயர்ந்தது. ஆர்என்ஏவின் தொடக்க முனையில் உள்ள ‘தொப்பி’ என்னும் அமைப்பில் மெத்தில் தொகுதியைச் சேர்க்கும் என்எஸ்பி16-உம் இதே என்எஸ்பி10-ஐ நம்பியிருக்கிறது. இரண்டும் பற்றும் பரப்புகள் ஒன்றன்மேல் ஒன்று படிவதால், ஒரு என்எஸ்பி10 ஒரே நேரத்தில் இரண்டுக்கும் துணை நிற்க முடியாது. இங்கே மரபணு வரிசையையும் கவனியுங்கள்: என்எஸ்பி12 முதல் 16 வரையிலானவை, புரதம் தயாரிக்கும் ரைபோசோம், ஆர்என்ஏவை மூன்று மூன்று எழுத்துகளாக வாசிக்கும் ஒழுங்கை (வாசிப்புச் சட்டத்தை) இடையில் மாற்றித் தொடர்ந்தால் மட்டுமே உருவாகின்றன, என்எஸ்பி7, 8, 10 ஆகியவையோ அதற்கு முன்பே வருவதால் கூடுதலாகக் கிடைக்கின்றன. துணைப் புரதங்கள் அதிகமாகத் தேவைப்படும் இந்த ஏற்பாட்டுக்கு அது மிகவும் பொருந்துகிறது.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி ஐயா. அப்படியானால், இந்த இணைப்புப் பரப்புகளையே மருந்தால் தடுக்க இயலுமா?

பதில் (கட்டமைப்பு உயிரியல் ஆய்வாளர்):
முயற்சிகள் நடக்கின்றன, ஆனால் புரதங்கள் தொட்டுக்கொள்ளும் பரப்புகள் பொதுவாக அகலமாகவும் ஆழமற்றும் இருப்பதால், சிறு மூலக்கூறு ஒன்று அங்கே ஊன்றி நிற்பது கடினம். இப்போதுள்ள மருந்துகளில், ரெம்டெசிவிர் பாலிமரேஸின் வினையூக்க மையத்தையும், நிர்மட்ரெல்விர் முதன்மைப் புரதப்பிளப்பியான என்எஸ்பி5-இன் மையத்தையும் குறிவைப்பவை. இந்த என்எஸ்பி5 தன்னைப் போன்ற இன்னொன்றுடன் இணைந்து இரட்டையானால்தான் முழுமையாகச் செயல்படும். மேலே பேசிய என்எஸ்பி7, 8, 10, 12 அனைத்தையும் நீண்ட பலபுரதச் சங்கிலியிலிருந்து வெட்டி விடுவிப்பதும் அதுவே.